யாழ்ப்பாணத்து மாரியில கார்: ஐப்பசிக்கு முதல் என்ன செய்யவேணும்?

ஒக்டோபர் 4, காலை — கோப்பாயில இருந்து ஒரு வாசகரின்ர கேள்வி

ரொறன்ரோவில இருக்கிற அத்தான் கோல் எடுத்தவர். விண்ரர் வருது, காரை ஆயத்தப்படுத்தியாச்சோ எண்டு கேட்டுப்போட்டு ஒரு பெரிய பட்டியலும் அனுப்பியிருக்கிறார். பனிக்கால ரயர், உறையாத கூலன்ற், புதுப் பற்றறி, அடியில கறளுக்கு எண்ணெய். எங்களுக்கு மார்கழி விடியப்புறத்தில கூட 20 பாகைக்குக் கீழ இறங்கிறது அருமை. குளிர்காலத்துக்கெண்டு இஞ்ச காருக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு நான் சொல்லுறன். என்னட்ட நிக்கிறது 2015 அல்ட்டோ. ஆரும் வேற விதமா நினைக்கிறியளோ?

ஒக்டோபர் 4, இரவு 9.40

தம்பி, குளிர் இல்லை எண்டது சரி. ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டதைத்தான் ஏற்க ஏலாது.

எங்கட காருக்குக் கெட்ட காலம் ஐப்பசியில தொடங்கித் தை மட்டும். வருசத்து மழையில பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில கொட்டித் தீர்க்குது. கான் நிறைஞ்சு ஒழுங்கையெல்லாம் வெள்ளம். வாடைக்காத்து கடல் உப்பைக் கொண்டுவந்து அப்புது. ஈரம் காய வெயில் இல்லை. அத்தானுக்குப் பனி செய்யிற வேலையை எங்களுக்கு இந்த மூண்டும் செய்யுது. அவற்ற பட்டியலைத் தூக்கி எறியாதேங்கோ. ஒவ்வொண்டா எடுத்து, எங்கட மண்ணுக்கு எது பொருந்தும் எண்டு பாப்பம்.

நேரம் பிந்திப்போச்சு எண்டதையும் சொல்லவேணும். நல்லூர்க் கொடி இறங்கின கையோட செய்யவேண்டிய வேலையள் இது. முதல் மழை விழுந்தாப் பிறகு கராச்சில இடம் கிடையாது, வைப்பர் ரப்பர் வாங்கக் கடையில ஆள் முட்டும்.

ஒக்டோபர் 5

பற்றறி. அத்தான்ர பட்டியலில இது மூண்டாவதா நிக்குது. நான் முதலாவதா வைப்பன்.

குளிர் நாட்டில ஏன் விண்ரரில பற்றறி சாகுது? ஈயப் பற்றறிக்குள்ள நடக்கிற ரசாயன வேலை குளிரில மந்தமாகும். சுழியத்துக்குக் கீழ 18 பாகையில பற்றறி தரக்கூடிய சக்தி பாதியளவுக்கு இறங்கிவிடும். அதே நேரம் எஞ்சின் ஒயில் தடிச்சுப்போய், சுத்திறதுக்குக் கூடச் சக்தி கேக்கும். இஞ்ச அந்தப் பிரச்சினை இல்லை.

ஆனா பற்றறியை உள்ளுக்குள்ள அரிக்கிறது வெக்கை. தகடு அரிபடுறது, தண்ணி வத்துறது எல்லாம் சூட்டில வேகமாகும். 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் எண்டது பற்றறிக்காரரின்ர பழைய கணக்கு. சித்திரை தொடங்கி ஆவணி மட்டும் எங்கட வெயிலில, அதுக்கு மேல எஞ்சின் சூட்டில வெந்து, அது அரை உயிராத்தான் ஐப்பசிக்கு வருது. அண்டைக்குத்தான் லைற், வைப்பர், ஏசி, பின்கண்ணாடிக் கம்பி எல்லாத்தையும் ஒரேயடியாப் போடுறம். கோடையில தெரியாத நோய் மாரியில தெரிய வருது. "மழைக்குப் பற்றறி போட்டுது" எண்டு சனம் சொல்லும். வெயிலுக்குப் போனது அது.

செய்யவேண்டியது சின்ன வேலை. இரவு காரை நிப்பாட்டி, விடிய ஸ்ராட் பண்ண முதல் வோல்ற் அளக்கிற மீற்றரைப் பற்றறியில வைச்சுப் பாருங்கோ. 12.6 வோல்ற் எண்டால் நிறைஞ்ச பற்றறி. 12.4 எண்டால் முக்கால்வாசி. 12 க்குக் கிட்ட நிண்டால் வெறுமை. ஸ்ராட் பண்ணினாப் பிறகு 13.8 க்கும் 14.4 க்கும் இடையில காட்டினால் சாஜ் ஏறுது. அதுக்குக் கீழ எண்டால் பற்றறியை மாத்திப் பிரயோசனம் இல்லை, எஞ்சின் ஓட ஓடப் பற்றறிக்குச் சாஜ் ஏத்திற ஓல்ரனேற்றரைப் பாக்கவேணும். அதைச் சுத்திற பெல்ற்றையும் தடவிப் பாருங்கோ. ஈரத்தில கீச்சிடுற பெல்ற் வழுக்குது எண்டு அர்த்தம்.

ஒக்டோபர் 5, பின்னேரம்

மீற்றர் இல்லாதவைக்கு: இரவில சுவரைப் பாத்து ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு ஸ்ராட் பண்ணுங்கோ. வெளிச்சம் சாதுவா மங்கினால் பரவாயில்லை. செத்துப்போற மாதிரி மங்கினால் பற்றறிக் கடைக்குப் போங்கோ. கடையில லோட் போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, வோல்ற் மட்டும் பாத்து விடவிடாதேங்கோ. முனையில வெள்ளையா, பச்சையாப் பூத்துக் கிடந்தால் சோடாத்தூள் கலந்த சுடுதண்ணியால கழுவி, காயவிட்டு, கொஞ்சம் கிறீஸ் பூசினால் காணும்.

ஒக்டோபர் 9

இண்டைக்கு றேடியேற்றர், எஞ்சின் சூட்டை ஆத்திற தண்ணி ஓடுற பாகம். இதில எனக்கு மனவருத்தமே இருக்கு, அதால நீட்டி எழுதுறன்.

அத்தான் போடச் சொன்ன உறையாத கூலன்ற் எதிலீன் கிளைக்கோல். பாதிக்குப் பாதி தண்ணியோட கலந்தால் சுழியத்துக்குக் கீழ 37 பாகை மட்டும் உறையாது. இஞ்ச உறைபனி இல்லைத்தானே எண்டு சனம் அதை விட்டுப்போட்டுக் கிணத்துத் தண்ணியை ஊத்துது. அங்கதான் பிழைக்குது. அதே கலவை கொதிக்கிறதுக்கும் 106 பாகையளவு வேணும், றேடியேற்றர் மூடியின்ர அமுக்கத்தோட அது இன்னும் கூடும். அதோட கறள் பிடிக்காமல் இருக்க மருந்தும் அதுக்குள்ள கிடக்கு. தண்ணிப் பம்பியின்ர சீல், அலுமினியத் தலை, றேடியேற்றர்க் குழாய் எல்லாத்தையும் காக்கிறது அந்த மருந்துதான். கனடாக்காரருக்குக் குளிருக்காகத் தேவைப்படுறது எங்களுக்குச் சூட்டுக்கும் கறளுக்கும் தேவைப்படுது.

கிணத்துத் தண்ணியின்ர கதை உங்களுக்கெல்லாம் தெரியும். வலிகாமம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்கு மேல கிடக்கு. மழைத்தண்ணி அந்தக் கல்லைக் கரைச்சுக்கொண்டுதான் கிணத்துக்கு வருது. எங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள வெள்ளையா ஓடு மாதிரிப் பிடிக்கிறது என்னவோ, அதுதான் றேடியேற்றருக்குள்ளயும் பிடிக்கும். கேத்திலில அது கண்ணுக்குத் தெரியுது, சுரண்டலாம். றேடியேற்றருக்குள்ள குழாய் ஒரு வைக்கோல் தடிப்புக்கூட இல்லை.

என்ர சண்ணி காரின்ர றேடியேற்றரை ஒருக்கா வெட்டிப் பாத்தனாங்கள். முதல் சொந்தக்காரர் ஊரில ஒரு கராச்சில விட்டு, வருசக்கணக்காக் கிணத்துத் தண்ணியே ஊத்துவிச்சவர். நடுவில நாலைஞ்சு வரிசைக் குழாய் சுண்ணாம்பு உறைஞ்சு அடைபட்டு, ஈர்க்குக் கூட உள்ளுக்குப் போகேல்லை. ஓரத்தில மட்டும் தண்ணி ஓடியிருக்கு. அடியில செங்கட்டித் தூள் மாதிரிச் சேறு. அது இரும்புக் கறள்.

இதுக்கும் மாரிக்கும் என்ன தொடர்பு எண்டு கேப்பியள். மாரியில கார் சூடேறாது எண்டு நம்பி ஆரும் றேடியேற்றரைத் திறந்து பாக்கிறேல்லை. அந்த மூண்டு நாலு மாதமும் கறள் உள்ளுக்குள்ள வேலை செய்துகொண்டுதான் இருக்கும், நிக்கிற காரிலயும். பங்குனி வெயிலில ஏ9 றோட்டில ஆனையிறவு தாண்ட முதல் சூட்டு ஊசி ஏறும்.

போத்தலில விக்கிற காய்ச்சி வடிச்ச தண்ணியும் கூலன்றும் கலந்து ஊத்துங்கோ, அல்லது கலந்தே வாற கூலன்றை வாங்குங்கோ. எஞ்சின் ஆறினாப் பிறகுதான் மூடியில கை வைக்கவேணும்.

ஒக்டோபர் 10

"கொதிக்கவைச்சு ஆறின தண்ணி ஊத்தலாமோ?" எண்டு மானிப்பாயில இருந்து கேட்டிருக்கினம். கொதிக்கவைச்சால் சுண்ணாம்பில ஒரு பங்கு அடியில படியும், மிச்சம் தண்ணிக்குள்ளதான் நிக்கும். வேண்டாம்.

மழைத்தண்ணி? வழியில தண்ணி வத்தி நிக்கவேண்டி வந்தால், கிணத்துத் தண்ணியை விட மழைத்தண்ணி நல்லது. ஓட்டில இருந்து வடிஞ்சதை விடுங்கோ, அதில ஊத்தை. முற்றத்தில வெளியாப் பாத்திரம் வைச்சுப் பிடிச்சது எண்டால் சரி. வீட்டுக்கு வந்தாப் பிறகு வடிச்சு ஊத்திப்போட்டுச் சரியான கலவையை விடுங்கோ.

ஒக்டோபர் 12

வாசகரில பழைய ஆக்கள் ரண்டு பேர் அந்தக் காலத்து ஒஸ்ரின் ஏ40 காரின்ர கதையைத் தொடங்கினபடியால் நானும் எழுதுறன். பெரியப்பா ஹயர் ஓடினது ஒஸ்ரின் ஏ40 இல. 90களில, போர் நேரம் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்ட காலம். பெற்றோல் மருந்துக்குக் கூட இல்லை, இருந்தாலும் வாங்க வழியில்லை. கார் ஓடினது மண்ணெண்ணெயில. ஒரு சின்னப் போத்தலில பெற்றோல் வைச்சிருப்பார். பொனற்றைத் தூக்கி, காபரேற்றர் வாயில கொஞ்சமா விட்டு, கைபிடி போட்டுச் சுத்தி ஸ்ராட் பண்ணிப்போட்டு, எஞ்சின் சூடு பிடிக்கத்தான் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்.

மார்கழி விடியப்புறத்தில அந்தப் பெற்றோல் துளி கூடத் தேவைப்படும். காரணம், எரிபொருள் ஆவியாகினால்தான் பத்தும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள்ள ஆவியாகாது, நனைச்சுப்போட்டு நிக்கும். கனடாவிலயும் அதே சிக்கல் பெற்றோலுக்கு இருக்கு. அதாலதான் அங்க விண்ரருக்கு விக்கிற பெற்றோலில லேசா ஆவியாகிற பொருளைக் கூடக் கலக்கிறாங்கள். அத்தானுக்கே இது தெரியாமல் இருக்கலாம், கேட்டுப் பாருங்கோ.

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழிய ஒயிலுக்குள்ள இறங்கி ஒயிலை நீத்துப்போடும். பெரியப்பா ஒயில் மட்டம் பாக்கிற டிப்ஸ்ரிக்கை இழுத்து விரலுக்கிடையில தேய்ச்சு, மணந்து பாப்பார். அந்தப் பழக்கம் என்னில தொத்திக்கொண்டுது. இண்டைக்கும் மாரி தொடங்க முதல் ஒயில் ஸ்ரிக்கை மணந்து பாக்கிறனான். ஒயில் பால் தேத்தண்ணி நிறமா இருந்தால் தண்ணி கலந்திருக்கு. ஒயில் மூடிக்குக் கீழ கொஞ்சம் வெள்ளையாப் பிடிச்சிருந்தால் பயப்படாதேங்கோ, கிட்டக் கிட்ட ஓடுற காரில ஈரம் காயாமல் வாறது. ஒருக்காப் பருத்தித்துறை மட்டும் ஓடிப்போட்டு வந்து திரும்பப் பாருங்கோ.

அந்தக் காருகள் பிழைச்சது பாகம் கிடைச்சபடியால் இல்லை. ஒண்டும் கிடையாது எண்டு தெரிஞ்சு, ஒவ்வொரு துண்டையும் பழுதாக விடாமல் பாத்தபடியால். 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு இஞ்ச நிக்கிற காருகளுக்கும் அதே நிலைதான் வந்தது. 2025 மாசியில திறந்து விட்டும் விலை எட்டாத உயரத்தில நிக்குது. கைவசம் இருக்கிறதைக் காப்பாத்துங்கோ.

ஒக்டோபர் 18

வைப்பர் ரப்பரைக் கையால வளைச்சுப் பாருங்கோ. ஓரத்தில வெடிப்புத் தெரிஞ்சால் மாத்துங்கோ. காசு சிக்கனம் எண்டால் டிறைவர் பக்கத்துக்கு மட்டுமெண்டாலும் நல்லதாப் போடுங்கோ.

கண்ணாடிக்குள் மூட்டம்: மழைக்குள்ள ஏசியைப் போடாமல் ஓடுறவைதான் கன பேர், பெற்றோல் மிச்சம் பிடிக்க. ஏசி காத்தில இருக்கிற ஈரத்தைப் பிழிஞ்சு எடுக்கும், அதால மூட்டம் கலையும். காத்து வெளியில இருந்து வாற மாதிரிப் பொத்தானை மாத்துங்கோ. உள்காத்தே சுத்தினால் நனைஞ்சு ஏறின ஆக்களின்ர ஈரம் முழுக்கக் கண்ணாடியில வந்து இருக்கும். கையாலயும் லேஞ்சியாலயும் துடைச்சுத் துடைச்சு எண்ணெய்ப் படை பிடிச்ச கண்ணாடி இன்னும் கெதியா மூடும், உள்பக்கத்தையும் சவர்க்காரத் தண்ணியால கழுவிக் காய விடுங்கோ.

ஒக்டோபர் 19

வேப்பமரத்துக்குக் கீழ கார் விடுறவைக்கு இது. நல்ல நிழல், நானும் அங்கதான் விடுறன்.

வைப்பர் பூட்டியிருக்கிற இடத்தில, முன்கண்ணாடி அடியோட ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் மூடி இருக்கு. அதுக்குக் கீழ ஒரு தொட்டி, ரண்டு பக்கத்தாலயும் தண்ணி வடிய ஓட்டை. வேப்பிலை சின்னன், மூடியின்ர கண்ணுக்குள்ளால உள்ளுக்குப் போகும். கோடை முழுக்கச் சருகு சேர்ந்து, முதல் மழையில ஊறி, களிமண் மாதிரி ஓட்டையை அடைக்கும். தொட்டி நிரம்பினால் தண்ணி ஏசி காத்துப் போற வழியால உள்ளுக்கு இறங்கும். ஒரு நாள் காலமை பக்கத்து சீற்றுக்காரர் காலை வைக்கச் சளக் எண்டும்.

சனம் கதவு ரப்பரை மாத்தும், கண்ணாடிக்குச் சிலிக்கன் பூசும். ஒண்டுக்கும் நிக்காது. கையை விட்டுச் சருகை அள்ளி, ஒரு வாளி தண்ணியை மெல்ல ஊத்தி, முன்சில்லுக்குப் பின்னால வடியுதோ எண்டு பாருங்கோ. வடிஞ்சால் முடிஞ்சுது வேலை. கதவுக்கு அடியில இருக்கிற சின்ன ஓட்டையளையும் ஈர்க்கால குத்தி விடுங்கோ. அந்த ஓட்டை அடைபட்டுத்தான் கதவு அடி முதல்ல கறள் பிடிக்கிறது.

நவம்பர் 3

ரயர். பூ, அதாவது ரயரில வெட்டியிருக்கிற தவாளிப்பு, அதின்ர ஆழம் 1.6 மில்லிமீற்றர் எண்டது பல நாடுகளில சட்டம் சொல்லுற கடைசி எல்லை. மழைக்கு 3 இருந்தால்தான் நம்பி ஓடலாம். காபற் றோட்டு வந்தாப் பிறகு ஓட்டமும் கூடிப்போச்சு. தண்ணி தேங்கின இடத்தில வேகமாப் போனால், பூ தண்ணியை வெளியில தள்ள முதல் ரயர் தண்ணிக்கு மேல ஏறி மிதக்கும். அப்ப ஸ்ரேறிங் லேசாகிவிடும். பிறேக்கை அமத்தாமல், வெட்டாமல், அக்சிலேற்றரில இருந்து காலை எடுங்கோ.

பூ இருந்தாலும் வயசைப் பாருங்கோ. ரயர்ச் சுவரில டி.ஓ.டி. (DOT) எழுத்துக்குப் பிறகு கடைசி நாலு இலக்கம். 3521 எண்டால் 2021 ஆம் ஆண்டு 35 ஆவது கிழமை செய்தது. எங்கட வெயிலில கிடந்து இறுகின ரப்பர் ஈரத்தில பிடிக்காது, பூ எவ்வளவு இருந்தாலும். புது ரயர் எண்டு விக்கிறதிலயும் இந்த இலக்கத்தைப் பாத்து வாங்குங்கோ.

நவம்பர் 3, இரவு

பனிக்கால ரயரைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு. அந்த ரப்பர் 7 பாகைக்குக் கீழ மெத்தெண்டு இருக்கிறதுக்காகச் செய்தது. கனடாவின்ர கியூபெக் மாகாணத்தில டிசம்பர் 1 இல இருந்து மார்ச் 15 மட்டும் அது கட்டாயம். எங்கட சூட்டில போட்டால் கெதியாத் தேய்ஞ்சுபோம். பாவிச்ச ரயரா வெளிநாட்டில இருந்து வந்து மலிவா விக்கிறதில இதுகும் இருக்கும். சுவரில மூண்டு முனை மலையும் உள்ளுக்குப் பனிப்பூவும் கீறியிருந்தால் வாங்காதேங்கோ.

ரயர்க் காத்து: 5, 6 பாகை இறங்கினால் அமுக்கம் ஒரு இறாத்தல் (பி.எஸ்.ஐ.) குறையும். அத்தானுக்கு இது பெரிய விசயம். எங்களுக்கு மத்தியானத்துக்கும் விடியலுக்கும் இடையில ஒண்டு ரண்டு இறாத்தல்தான். காலமை ஓட முதல் அளந்து கதவுச் சட்டத்தில எழுதியிருக்கிற அளவுக்கு அடியுங்கோ.

நவம்பர் 22

ரண்டு நாளா விடாத மழை. பொம்மைவெளிப் பக்கம், நாவாந்துறை, கொட்டடியெல்லாம் வெள்ளம் எண்டு சொல்லுகினம். இண்டைக்கு எழுதாட்டி எப்ப எழுதுறது.

2008 நவம்பரில நிஷா புயல் பாத்தவை இருக்கிறியள். 2024 நவம்பர் கடைசியில ஃபெங்கால் நேரத்திலயும் என்ன நடந்தது எண்டு தெரியும். காருக்குப் பெரிய சேதம் வெள்ளத்தில நிண்டதால வந்ததை விட, வெள்ளத்துக்குள்ள நிண்ட காரை ஸ்ராட் பண்ணினதால வந்தது.

காத்தை அமத்தலாம், தண்ணியை அமத்த ஏலாது. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தால், பிஸ்ரன் மேல வந்து அதில முட்டி நிக்கும். செல்ஃப் அடிக்க அடிக்கப் பிஸ்ரனைத் தள்ளுற கொனெக்ரிங் றொட் வளையும். அதுக்குப் பிறகு எஞ்சினைப் பிரிக்கவேணும், செலவு காரின்ர விலைக்குக் கிட்டப் போம். ஓடிக்கொண்டு போகேக்க வெள்ளத்துக்குள்ள நிண்டுதோ, சாவியைத் தொடாதேங்கோ. தள்ளி மேட்டுக்கு ஏத்தி, பற்றறியின்ர கழித்தல் வயரைக் கழட்டி, காத்து வடியை (எயார் பில்ற்றர்) எடுத்துப் பாருங்கோ. வடி நனைஞ்சிருந்தால் மெக்கானிக் வந்து பிளக் கழட்டித் தண்ணியை வெளியேத்தும் மட்டும் அப்பிடியே நிக்கட்டும்.

தள்ள இறங்கேக்க வெறுங்காலோட இறங்காதேங்கோ. 2024 டிசம்பரில எங்கட பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது மறக்கக் கூடியதில்லை. காலில புண் இருந்தால் வேற ஆரையும் கூப்பிடுங்கோ.

போய்த்தான் ஆகவேணும் எண்டால்: சில்லின்ர அரைவாசிக்கு மேல தண்ணி எண்டால் திரும்புங்கோ. அதுக்குக் குறைவெண்டால் முதல் கியரில, ஒரே வேகத்தில, நடுறோட்டால. எதிர்ப்பக்கம் பஸ் வாறதைக் கண்டால் வெள்ளத்துக்குள்ள இறங்க முதல் நிண்டு அதைப் போக விடுங்கோ, பஸ் எழுப்புற அலைதான் காத்துக் குழாய்க்குள்ள தண்ணியை விடுறது. வெளியில வந்தாப் பிறகு மெல்ல ஓடிக்கொண்டு பிறேக்கைச் சாதுவாத் தொட்டுத் தொட்டுக் காயவிடுங்கோ.

நவம்பர் 24

அக்குவா, பிறியஸ் மாதிரி, எஞ்சினோட பெரிய பற்றறியாலயும் ஓடுற ஹைபிறிட் கார் வைச்சிருக்கிறவைக்குத் தனியா. அக்குவாவின்ர பெரிய பற்றறி பின்சீற்றுக்குக் கீழ, அதுக்குக் காத்துப் போற வாய் சீற்றுக்குப் பக்கத்தில. உள்ளுக்குத் தண்ணி ஏறினால் முதல் நனையிறது அந்த இடம். செம்மஞ்சள் நிற வயரைத் தொடாதேங்கோ. வெள்ளம் உள்ளுக்கு வந்த ஹைபிறிட்டை அதில பழகின ஆள் பாத்து முடிய முதல் பொத்தானை அமத்தவும் வேண்டாம்.

இன்சூரன்ஸ் பொலிசியை அலமாரியால எடுத்து, வெள்ளமும் அதுக்குள்ள சேர்ந்திருக்கோ எண்டு வாசியுங்கோ. முழுக் காப்புறுதி எண்டால் எல்லாம் அடங்கும் எண்டு நினைக்கிற பழக்கம் எங்களிட்ட இருக்கு.

டிசம்பர் 6

எலி. வளவில வெள்ளம் நிண்டால் எலிக்குப் போக இடம் வேணும். எஞ்சின் சூடா, காய்ஞ்சு இருக்கு. வயர் கடிக்கும், காத்து வடிக்குள்ள தும்பு, பழந்துணி, பனங்கொட்டைத் தும்பெல்லாம் கொண்டுவந்து கூடு கட்டும். பூச்சிமுட்டை (நப்தலீன் உருண்டை) கட்டித் தொங்கவிடச் சொல்லுகினம். நான் போட்டுப் பாத்தன், மணம் ஏசியால உள்ளுக்கு வந்து எங்களுக்குத்தான் தலையிடி. வேலை செய்தது ரண்டு விசயம்: கொட்டிலில தேங்காய், நெல்லு, கோழித்தீன் வைக்கிறதை நிப்பாட்டினது. ரண்டு நாளைக்கொருக்காப் பொனற்றைத் தூக்கி வெளிச்சம் காட்டினது. கூடு கட்டின இடத்தை அது விடாது, கலைச்சுக்கொண்டே இருக்கவேணும். சூட்டுக்குப் பூனையும் ஏறிப் படுக்கும். காலமை ஸ்ராட் பண்ண முதல் பொனற்றில ஒரு தட்டுத் தட்டுங்கோ.

டிசம்பர் 15

இப்ப உப்பும் அதால அடியில பிடிக்கிற கறளும். அத்தான்ர பட்டியலில அப்பிடியே எங்களுக்குப் பொருந்திறது இது ஒண்டுதான்.

அங்க பனி உருக றோட்டில உப்புப் போடுவாங்கள். உப்பு கலந்தால் தண்ணி சுழியத்தில உறையாது. அந்த உப்புச் சேறு காரடியில அப்பி இரும்பைத் தின்னும். எங்களுக்கு ஆரும் போடத் தேவையில்லை. பண்ணைப் பாலத்தால ஊர்காவற்றுறைக்கு, பொன்னாலைப் பாலத்தால காரைநகருக்கு, 2011 இல திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால பூநகரிக்கு எண்டு ஓடுறவையைக் கேளுங்கோ. ரண்டு பக்கமும் கடல், வாடை அடிக்கேக்க அலைத்தூவானம் கண்ணாடியில விழும். காய்ஞ்சால் வெள்ளைப் புள்ளி. அடியில எவ்வளவு பிடிச்சிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. வல்லை வெளியும் அப்பிடித்தான்.

இதில ஒரு நுணுக்கம். கடும் மழை உப்பைக் கழுவிப்போடும். மழை விட்டு விட்டுத் தூறுற காலம், பனி பெய்யிற தை மாதம், அப்பதான் உப்பும் ஈரமும் சேர்ந்து நிக்கிறது. அதால மழைதானே கழுவும் எண்டு விடாதேங்கோ. காரின்ர மேல்பக்கத்தை மழை கழுவும். மட்காட்டுக்கு உள்பக்கம், அடிச்சட்டம், பிறேக் குழாய் போற வழி, சைலன்சர் கொழுவின இடமெல்லாம் மழை எட்டாது. ஓசுப்பைப்பை அடியில விட்டு நல்லதண்ணியால அடியுங்கோ. நல்லதண்ணி எண்டு சொல்லுறன், ஏனெண்டால் தீவுப்பகுதியில கன கிணறு உவர். உவர்த்தண்ணியால கழுவுறது உப்பை இன்னொருக்காப் பூசுற வேலை.

சேர்விஸ் ஸ்ரேசன்களில அடிக்குக் கழிவு ஒயிலும் டீசலும் கலந்து அடிப்பாங்கள். கறள் பிடிக்கிறது பிந்தும்தான். ஆனா அந்த ஒயில் காரடியில பூட்டியிருக்கிற புஸ் ரப்பரை ஊதப்பண்ணும். அதோட அது சொட்டுச் சொட்டா வளவில விழும். எங்கட சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால நிலத்தில விழுந்தது கிணத்துக்குப் போகக் கன நேரம் எடுக்காது. சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளில எண்ணெய் கண்டு சனம் பட்டதை மறக்காதேங்கோ. மெழுகு கலந்த அடிப்பூச்சு இருக்கு, விலை கூடத்தான், அதைக் கோடையில நல்லாக் காய்ஞ்ச இரும்பில அடிப்பியுங்கோ. ஈர இரும்புக்கு மேல அடிச்சால் ஈரத்தை உள்ளுக்கு வைச்சுப் பூட்டினதாப் போம்.

டிசம்பர் 28

வெளிநாட்டுக்காரர் வந்திறங்கிற மாதம். ஊரில பூட்டின வீட்டில நிக்கிற கார் ஸ்ராட் இல்லை எண்டு கன பேர் எழுதியிருக்கிறியள்.

நிக்கிற காருக்கு ஹான்ட்பிறேக் போடாதேங்கோ. பின்சில்லு உருளைக்குள்ள பிறேக் சப்பாத்து கறளில ஒட்டிப் பிடிச்சுப்போம். கனடாவில ஐசில ஒட்டும், இஞ்ச கறளில. கியரில போட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கல்லு வையுங்கோ. ஓட்டோ கியர் எண்டால் பி.

தறப்பாளால இறுக்கி மூடினால் நிலத்தீரம் உள்ளுக்கயே நிண்டு, சீற்றெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். கிடுகுக் கொட்டில் அதை விட எவ்வளவோ மேல், காத்து ஓடும். காப்பற்றை எடுத்துக் காயவைச்சுப்போட்டுத்தான் நிப்பாட்டவேணும். பெற்றோல் தாங்கியை நிரப்பி விடுங்கோ, வெறும் இடம் குறைய உள்ளுக்கு வேர்க்கிறதும் குறையும். பற்றறியின்ர கழித்தல் வயரைக் கழட்டுங்கோ.

பக்கத்து வீட்டுத் தம்பியிட்டச் சாவியைக் குடுத்து "கிழமைக்கொருக்கா ஸ்ராட் பண்ணி விடு" எண்டு சொல்லுறவை, அஞ்சு நிமிசம் ஸ்ராட்டில விட்டு நிப்பாட்டச் சொல்லாதேங்கோ. ஸ்ராட் பண்ண எடுத்த சாஜே திரும்ப ஏறாது. சைலன்சருக்குள்ளயும் ஒயிலுக்குள்ளயும் வேர்த்த தண்ணி அப்பிடியே நிக்கும். ஓடினால் அரை மணித்தியாலம் ஓடவேணும், இல்லாட்டித் தொடாமல் விடுறது நல்லது.

ஜனவரி 9

"தைப்பனி தரையைத் துளைக்கும்" எண்டு எங்கட ஆக்கள் சொன்னது காலமை ஆறு மணிக்கு மருதனார்மடம் தாண்டேக்க விளங்கும். தோட்டத்துக்கு மேல புகார், முன்கண்ணாடி வெளிப்பக்கம் மங்கல். இது ஒக்டோபரில எழுதின மூட்டத்துக்கு நேர்மாறு. அது உள்ளுக்கு வாறது, அதுக்கு ஏசி போடவேணும். இது வெளியில வாறது. ஏசிக் காத்துப் பட்டுக் கண்ணாடி குளிர, வெளிக்காத்திலுள்ள ஈரம் அதில படியுது. ஏசியைக் குறைச்சு, காத்தைக் கண்ணாடியில படாமல் திருப்பி, வைப்பரை ஒருக்கா இழுங்கோ. எந்தப் பக்கம் எண்டு தெரியாட்டி விரலால தொட்டுப் பாத்தால் காணும்.

எஞ்சினைச் சூடாக்கிறது: அல்ட்டோ மாதிரிக் கணினி வைச்ச காருகளுக்கு அரை நிமிசம் காணும். பிறகு மெல்ல ஓடச் சூடேறும். காபரேற்றர்க் காருகளுக்குச் சோக் இழுத்து ரண்டு நிமிசம் விடுங்கோ, சூடு பிடிச்சதும் சோக்கை உள்ளுக்குத் தள்ள மறந்தால் பெற்றோல் ஒயிலைக் கழுவும். பழைய டீசல் வான்காரர் ஹீற்றர் லைற் அணையும் மட்டும் பொறுங்கோ. பொறுத்தும் காலமை வெள்ளைப் புகையோட தடுமாறினால் ஹீற்றர் பிளக்கில ஒண்டு போயிருக்கும்.

ஜனவரி 21

கேள்வி கேட்ட தம்பி இப்ப அல்ட்டோவை வித்து வேற கார் பாக்கிறன் எண்டு எழுதியிருக்கிறார். தை, மாசியில பாவிச்ச கார் வாங்கிறது கவனம். வெள்ளத்தில நிண்ட காருகள் கழுவிப் பொலிஷ் பண்ணிச் சந்தைக்கு வாறது இப்பதான், தெற்கில இருந்தும் வரும்.

சீற்பெல்ற்றை முழுக்கக் கடைசி மட்டும் இழுத்துப் பாருங்கோ. வெளியில தெரியிற பாகத்தைக் கழுவுவாங்கள், உருளைக்குள்ள சுத்திக் கிடக்கிற கடைசி முழத்தில சேத்துக் கோடு நிக்கும். சீற் பூட்டின ஆணியில கறள், மேலதிகச் சில்லுக்குக் கீழ வண்டல், பின்லைற் கண்ணாடிக்குள்ள நீர்க்கோடு. காப்பற் ஓரத்தைத் தூக்கி அடிப்பஞ்சை அமத்துங்கோ. பியூஸ் பெட்டியைத் திறந்து முனையெல்லாம் பச்சை பூத்திருக்கோ எண்டு பாருங்கோ. பகல் வெயிலில கண்ணாடியை மூடி அரை மணித்தியாலம் விட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கோ, பூஞ்சண மணத்தை எந்த வாசனைத் தைலமும் அந்தச் சூட்டில மறைக்காது. விக்கிறவர் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டே கதைச்சால் வேற காரைப் பாருங்கோ, தம்பி.